நானூற்று எண்பது அடி வீடு

சைரா உருளைகளுக்குள் தள்ளிவிடும் தோல், அளக்கும் மெஷினைக் கடந்து மறுபக்கம் வருவதற்குள், அம்சவேணி தன் வீட்டுச் சமையலறைக்குப் போய் ஜன்னலைக் கிழக்கே வைப்பதா வடக்கே வைப்பதா என்று யோசித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். சின்னத் திரையில் எண் விழும். ஐந்தேகால். ஆறு. நாலே முக்கால். இத்தனை சதுர அடி என்று தோலின் பின்பக்கத்தில் முத்திரை அடித்து அடுக்கில் போடுவாள். அடுத்த தோல் வரும்போது ஜன்னல் மறுபடியும் இடம் மாறியிருக்கும். முத்திரை மட்டும் மாறாது. ஆம்பூரில் ஷாப் என்று சொல்லும் தோல் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் நிற்கிற கை அது.

மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைரா குரல் கொடுப்பாள். "வேணிக்கா, இன்னைக்கு எந்த ரூம்ல கீற?"

"ஹால்ல. ஃபேன் மாட்டினு கீறேன்."

அந்த வீடு இன்னும் கட்டப்படவில்லை. மாதனூருக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்தபடி, இரண்டு சென்ட் மனை மட்டும் இருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சீட்டு எடுத்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் வேதாசலத்தின் ஷேர் ஆட்டோவில் முதல் சவாரியாக ஏறி அங்கே போய் இறங்குவாள். கல் நட்டு எல்லை போட்டிருக்கிறாள். சுவர் வரவேண்டிய இடத்தை அவள் கால் ஒருநாளும் மிதித்ததில்லை. வாசல் வரப்போகிற பக்கமாகச் சுற்றிவந்துதான் உள்ளே நுழைவாள். ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஹாலில் மேய்கிற ஆட்டை விட்டுவிடுவாள், படுக்கையறைக்குள் போனால் எழுந்து விரட்டுவாள். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்பாள். தண்டவாளத்தில் பெங்களூர் வண்டி போகும்போது, இந்தச் சத்தம் ஜன்னலைச் சாத்தினால் எவ்வளவு கேட்கும் என்று காதைப் பொத்திப் பார்ப்பாள்.

வீட்டின் அளவு நானூற்று எண்பது சதுர அடி. யாராவது கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். "ஒரு ஆட்டுத்தோலு அஞ்சு அடின்னு வெச்சுக்கோ. தொண்ணூத்தாறு தோலு விரிச்சா என் வூடு" என்பாள். அவளுக்கு எதுவும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்ட் எத்தனை தோல், கல்யாண மண்டபம் எத்தனை தோல் என்று கண்ணாலேயே போட்டுவிடுவாள்.

இப்போது இருப்பது ஆம்பூரில், ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள வரிசை வீடு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கட்டிலுக்கு அடியில் ஓர் இரும்புப் பெட்டி. அதில் இரண்டு பித்தளைக் குழாய், நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட திரைச்சீலை, பேட்டரியில் ஓடும் காலிங் பெல் ஒன்று. எல்லாம் பஜாரில் ஒவ்வொன்றாக வாங்கியவை. மனசு சரியில்லாத நாளில் பெட்டிக்குள் கைவிட்டு பெல்லை அழுத்துவாள். குருவி கத்தும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வேதாசலம் தலையைத் தூக்காமல், "யாரோ வந்துகிறாங்க, போய்ப் பாரு" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்ததும், சம்பளச் சீட்டு, பட்டா, வீட்டு வரைபடம் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள். கடன் பிரிவில் சங்கீதா என்ற இளம் அதிகாரி இருந்தார். காகிதங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டியவர், பான் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு திரையை அம்சவேணி பக்கம் திருப்பினார். ஐந்நூற்று எண்பத்து நான்கு.

கடனை ஒழுங்காகக் கட்டுவதற்குப் போடும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் இதுதான் என்றும், தொள்ளாயிரம் வரை போகும் என்றும், எழுநூறைத் தொட்டால்தான் தன்னால் மேலே எழுதிக் கேட்கவே முடியும் என்றும் சங்கீதா விளக்கினார். அம்சவேணிக்குப் புரியவில்லை. யாரிடமும் கைமாற்றுகூட வாங்காதவள் அவள். தப்பு யார் பேரிலோ இருக்கும் என்றாள். சங்கீதா திரையில் கீழே போய்ப் போய்த் தேடி ஒரு வரியைக் காட்டினார். பைக் கடன்.

அது தம்பி பார்த்திபனுக்கு வாங்கிய வண்டி. அவனிடம் அப்போது சம்பளச் சீட்டு இல்லை, இவளிடம் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டினான். கொரோனாவில் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடியதும் ஏழு மாதம் நின்றுபோனது. கடன் கொடுத்தவர்கள் இவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கடைசியில், பதினெட்டாயிரம் மொத்தமாகக் கட்டினால் கணக்கை முடித்துவிடுகிறோம் என்றார்கள். பார்த்திபன் எங்கெங்கோ புரட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு காகிதமும் தந்தார்கள். அக்காவும் தம்பியும் அதோடு தீர்ந்தது என்று நினைத்து ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

தீரவில்லை. முழுதாகக் கட்டி முடித்தது வேறு, பேசித் தீர்த்தது வேறு என்றார் சங்கீதா. அந்தக் காகிதத்தில் இருப்பது இரண்டாவது. அவர்கள் விட்டுக்கொடுத்த பாக்கியைக் கட்டும்வரை அது பதிவில் கறையாக நிற்கும்.

அம்சவேணி திரையைக் காட்டிக் கேட்டாள். "எங்க ஷாப்ல தப்பா அளந்துட்டா தோலத் திரும்ப ஓட்டிப் பாப்போம், மேடம். இத அப்படி ஓட்ட முடியாதா?"

சங்கீதா சிரிக்கவில்லை. "முடியும்மா. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்" என்று சொல்லி, செய்யவேண்டியதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து பல மாதம் அவளால் தன் வீட்டுக்குள் போக முடியவில்லை. தோல் வந்தது, எண் விழுந்தது, முத்திரை அடித்தாள், அவ்வளவுதான். ஜன்னல் எங்கே, அடுப்பு மேடை எங்கே, ஒன்றும் நினைவில் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதனூருக்கும் போகவில்லை. சைரா எந்த அறை என்று கேட்டபோது, "வெளில நிக்கறேன்" என்றாள். சைரா அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

வேதாசலத்துக்குத் தாங்கவில்லை. பார்த்திபன் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் நல்ல கம்பெனியில் இருக்கிறான், பாக்கியை அவனே கட்டட்டும், ஒரு போன் போட்டால் போதும் என்றார். தானே போடுவதாகவும் சொன்னார். அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அவன் அன்னைக்கே தீந்துச்சுன்னு நிம்மதியா கீறான். இப்போ போய் எழுப்பணுமா?"

மறுநாள் வேதாசலம் ஆட்டோவைத் துடைத்த துணியை வழக்கத்தைவிட ஓங்கி உதறினார்.

பாக்கி பதினோராயிரத்துச் சொச்சம். அதை வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பைக் கடன் கொடுத்த கம்பெனியின் வேலூர் ஆபீஸ் காட்பாடிக்கு மாறியிருந்தது. காட்பாடியில் இருந்தவர்கள் பழைய கணக்கு தங்களிடம் இல்லை என்றார்கள். அரைநாள் லீவு போட்டு ஐந்து சனிக்கிழமை அலைந்து கணக்கைத் தேடிப் பிடித்தாள். தீபாவளி போனஸில் புதுத்துணி எடுக்காமல் கட்டி, முழுதாக முடிந்தது என்ற கடிதத்தை வாங்கிவந்தாள். அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்தாலும், பாலாற்றுப் பாலம் தாண்டும்போது சமையலறை மெல்லத் திறந்து உள்ளே வெளிச்சம் தெரிந்தது என்று பின்னால் சைராவிடம் சொன்னாள்.

சங்கீதா சொல்லியபடி இருபதாயிரம் ரூபாயை வங்கியில் போட்டுவைத்து, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினாள். வாங்கியதைத் தேதிக்கு முன்னால் கட்டிக் கட்டி நல்ல பெயர் எடுக்கவேண்டும். மாதம் ஒருமுறை அந்தக் கார்டை மஞ்சப்பைக்குள்ளிருந்து எடுத்து, கவுஸ் பாஷா கடையில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் வாங்குவாள். வேறு எதற்கும் அதைத் தொடமாட்டாள். "ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு கார்டாம்மா, பேஜாரா கீதே" என்று கவுஸ் பாஷா அலுத்துக்கொண்டே மெஷினை நீட்டுவார். மறுநாள் காலையிலேயே பணத்தைக் கட்டிவிடுவாள். கட்டாமல் அந்த எண்ணெயில் தாளிக்கமாட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் சைராவின் போனில் ஸ்கோர் பார்ப்பார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அறுநூற்று நாற்பது. ஒருமுறை இரண்டு புள்ளி குறைந்தது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அன்று அவள் சாப்பிடவில்லை. எழுநூற்று ஒன்பது வந்த மத்தியானம் சைரா ஒரே தோலை இரண்டு தடவை உருளைக்குள் தள்ளிவிட்டாள். அம்சவேணி அதைத் தனியே எடுத்து வைத்தாள். அரைமணி கழித்து, கேட்காமலேயே, "கிச்சன்ல கீறேன்" என்றாள்.

போன மாதம் அம்சவேணியும் சைராவும் வங்கிக்குப் போனார்கள். சங்கீதா எழுந்து நின்று அம்சவேணிக்குக் கை கொடுத்தார். வீடு முழுதாகக் கட்ட எட்டு லட்சம் வேண்டும். அவள் சம்பளத்தையும் பழைய பதிவையும் பார்த்து, ஒரு ஜாமீன் கையெழுத்து இருந்தால் எட்டும் தருவதாக மேலிடம் சொல்லியிருந்தது. வேதாசலத்தின் ஆட்டோ வருமானத்துக்குக் காகிதம் கிடையாது. அதற்காகத்தான் சைரா வந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொல்லிவிட்டு வந்தாள். வாஷிங் மெஷினைத் தவணையில் வாங்கி ஒருநாள்கூடத் தவறாமல் கட்டியவள், ஸ்கோர் எழுநூற்றுத் தொண்ணூறு. ஆதார் நகல், பான் நகல், சம்பளச் சீட்டு மூன்றையும் பர்ஸிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பிவிட்டு, பேனா மூடியைத் திறந்தாள்.

அம்சவேணி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹால், படுக்கையறை, சமையலறை, முன்னால் ஒரு சின்ன வராந்தா. பதினோரு வருடத்தில் ஆயிரம் தடவை நடந்த இடம். அவள் முகத்தைப் பார்த்தால் அப்போதும் உள்ளே எங்கோ நடந்துகொண்டிருப்பதுபோலத்தான் இருந்தது. ஜாமீன் இல்லாவிட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டாள்.

சங்கீதா கணக்குப் போட்டார். "அஞ்சுதாம்மா வரும்."

"அதுல ஒரு ரூமும் கிச்சனும் வரும். அது போதும், மேடம்."

சைரா பேனாவைக் கீழே வைக்கவில்லை. நான் யாருக்காகவோ போடவில்லை, அக்காவுக்காகத்தானே போடுகிறேன் என்றாள். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் தன்னை நம்பவில்லையா என்றாள்.

"அடுத்த வருஷம் ஹஃப்ஸா காலேஜ் லோனுக்கு நீ இதே சேர்ல வந்து உக்காரணும்" என்றாள் அம்சவேணி. ஹஃப்ஸா சைராவின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். "நாளைக்கு ஷாப்ல வேலை கம்மியாச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

"நீ கட்டாம விடமாட்டக்கா. எனக்குத் தெரியாதா?"

"என் தம்பியும் நல்லவன்தான், சைரா."

சங்கீதா இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எட்டை அழித்து ஐந்து என்று தட்ட ஆரம்பித்தார். அம்சவேணி மேஜைமேல் கிடந்த ஆதார் நகலையும் பான் நகலையும் சம்பளச் சீட்டையும் ஓரம் மடங்காமல் ஒன்றாக அடுக்கி, சைராவின் மடியிலிருந்த பர்ஸுக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.