மூலைகளை வெட்டாத படம்

செய்தி வந்தபோது நான் சூலூர் குளக்கரையில், ஒரு கூழைக்கடா இறக்கை விரிப்பதற்காகக் காத்திருந்தேன். ஞாயிறுதோறும் சேர்ந்து படமெடுக்கப் போகும் நம் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "ஜமால் பாய் போயிட்டாருங்க." பறவை எழுந்து பறந்தது. நான் கேமராவைத் தூக்கவில்லை.

உக்கடத்தில் இருக்கும் அவருடைய கேமராக் கடையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஆயிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்கம்மா, உங்ககிட்ட அத்தா படம் ஏதாச்சும் இருக்குங்களா? எங்ககிட்ட ஆதார் கார்டுல இருக்கறது மட்டுந்தானுங்க."

ஊருக்கெல்லாம் கேமரா விற்றவர், தன் பக்கம் ஒரு கேமரா திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "என்னைய எடுத்து எதுக்குங்க ஃபிலிமை வீணாக்கறீங்க?" என்பார். ஃபிலிம் வழக்கொழிந்த பிறகும் அதே பதில்தான். தேடிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

என் முதல் கேமராவை அவர் கடையில் எனக்கு வாங்கித் தந்தவர் என் கணவர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சிறு கேமரா, அதனுடனேயே வரும் லென்ஸ். கணவர் மறைந்த பின்னும் எட்டு ஆண்டுகள் அதில்தான் எடுத்தேன். மாலை வெளிச்சத்தில் படங்கள் புள்ளிபுள்ளியாக வந்தன. அரைகுறை வேலை எனக்குப் பொறுக்காது. பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வேண்டும் என்று போய் நின்றபோது பாய் சொன்னார்: "கேமரா பாடி மட்டும் வாங்குனாப் பத்தாதுங்க அம்மணி. அதுக்கேத்த லென்ஸும் வேணும். இந்தச் சின்ன லென்ஸு அதுக்குக் காணாதுங்க."

"என் லென்ஸுக்கு என்ன குறை?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தார். பாடியை மட்டும் கட்டித் தந்தார்.

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். சிறிய லென்ஸை மாட்டினால் கேமரா தானாகவே படத்தைச் சுருக்கிக்கொள்ளும் என்று அதில் இருந்தது. என்னைக் கேட்காமல் என் படத்தைச் சுருக்க இது யார்? அந்த அமைப்பை அணைத்துவைத்தேன். விளைவு, நான்கு மூலைகளும் கறுத்து, கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் வட்டமாக உலகம் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நான்கு மாதம் ஒவ்வொரு படத்தின் ஓரங்களையும் கணினியில் வெட்டிவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்பினேன். நீங்களும் அருமை என்றீர்கள்.

பாய் அப்படிச் சொல்லவில்லை. நான் அச்சுப் போட்டுக் கொண்டுபோன படங்களை மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒரு கூழைக்கடாவின் இறக்கை நுனி அறுந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஏனுங்க அம்மணி, மூலையெல்லாம் எங்கீங்க போச்சு?"

"எனக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது."

"இருக்குதுங்க. இத்தாப்பெரிய ஊட்டக் கட்டிப்போட்டு நடு ரூம்புல மட்டும் குடியிருக்கறீங்களே."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் வாங்கிக் குடுத்த லென்ஸுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நாந்தானுங்களே வித்தேன்."

திரும்ப உட்கார்ந்தேன். வீம்புக்கு, பழைய கேமராவையும் லென்ஸையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது எக்ஸ்சேஞ்சுக்கு வராதுங்க. அது ரெண்டும் சோடியாவே இருக்கட்டும். புதுசுக்கு அதோட கண்ணக் குடுங்க."

ஃபுல் ஃபிரேமுக்கு உரிய ஐம்பது எம்.எம். லென்ஸை அவரே மாட்டி, ஒன்று எடுத்துப் பாருங்கள் என்றார். எதிர்ச் சுவரிலிருந்த கடிகாரத்தை எடுத்தேன். மூலைகளில் கறுப்பு இல்லை என்று கண்டதும் கேமராவை அணைத்துவிட்டேன். நன்றி சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லவில்லை. அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்தேன். பல முறை போனேன். அந்த வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

ஆயிஷாவுக்காக மூன்று நாள் தேடினேன். நம் ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் அவர் முதுகு இருக்கிறது, குடை இருக்கிறது, முகம் இல்லை. கடைசியில் அந்தக் கடிகாரம் வந்தது. அன்றே அழித்திருக்க வேண்டிய சோதனைப் படம். வலது கீழ் மூலையில், சற்றே மங்கலாக, பாய். கேமரா தன் பக்கம் இல்லை என்ற நம்பிக்கையில், என் பழைய லென்ஸை மஞ்சள் துணியால் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பழைய லென்ஸ் கேமராவில் இருந்திருந்தால் அந்த இடம் கறுப்பாகியிருக்கும். நானும் வெட்டிப் போட்டிருப்பேன்.

முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரட்டுமா என்று ஆயிஷாவிடம் கேட்டேன். அவள் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாங்கம்மா. அத்தா கடையோடவே இருக்கட்டும். முழுசாக் குடுங்க."

முழுதாகத் தந்தேன். இன்னொரு பிரதி என் மேசைமேல் இருக்கிறது. நடுவில் கடிகாரம் துல்லியமாகத் தெரிகிறது. கண் அங்கே நிற்பதில்லை.

பொத்தானை அழுத்தும் முன் நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பது இப்போது என் பழக்கம். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அது. போன ஞாயிறு எடுத்த படத்தில் வலது கீழ் மூலையில் குளக்கரைப் புல் மட்டும் இருந்தது. வெட்டவில்லை.