கொழுந்தன் வாங்கி வந்த மெழுகுத் தகடு

சோண்டம்மாவுக்குக் கோபம் வந்தால் நாபோக்லு சந்தை வரைக்கும் கேட்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேட்கட்டுமே. வயிறு எரிகிறவள் கத்தாமல் தாலாட்டா பாடுவாள்?

அன்றைக்குக் காலையில் என் பட்டறைக்குள் புயலாக நுழைந்து, தேன்பெட்டிச் சட்டம் ஒன்றை இழைப்பு மேசைமேல் அறைந்தாள்.

"என்ன பெட்டிய்யா அடிச்சுக் குடுத்த ஆசாரி? உள்ள பூரா ஆண் ஈ! தின்னுட்டுத் தூங்குது. பூவுக்குப் போக ஒரு நாதி இல்ல."

"பெட்டியா முட்டை போடுது? எங்கிட்ட ஏன்க்கா பாயற?" என்றேன். எனக்கும் சுர்ரென்று ஏறியது. என் பெட்டியில் மயிரிழை பிசகு காட்டட்டும் பார்ப்போம்.

அவள் கொதிப்பு நியாயமானது. காப்பி பூத்துக் கிடந்தது. மலையே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. அது நின்றால் ஒரு வாரம் நிற்கும். அந்த வாரத்துத் தேன்தான் அவளுக்கு வருஷத்துச் சோறு. புருஷன் போன பிறகு குடும்பக் காட்டு ஓரத்தில் பெட்டி வைத்துத்தான் பிழைக்கிறாள். அந்த ஓரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை கட்டவேண்டும் என்று கொழுந்தன் குஷாலப்பாவுக்கு ஆசை. போன குடும்பக் கூட்டத்திலேயே, "அண்ணி வாய்க்குப் பயந்து ஈயே வேலை செய்ய மாட்டேங்குது. எடத்த எனக்கு விடுங்க" என்று எல்லார் முன்னாலும் பல்லிளித்தான். அடுத்த ஞாயிறு கூடி முடிவு சொல்வதாக இருந்தார்கள்.

சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஆண் ஈக்கு ஈக்கள் கட்டும் அறை கொஞ்சம் அகலம். அடையின் அடியோரத்தில் கொஞ்சம்தான் இருக்கும். இதில் மேலிருந்து கீழ்வரை அகல அறைதான்.

"இந்த மெழுகுத் தகடு ஏதுக்கா?"

"குஷாலு வாங்கிட்டு வந்தான். அண்ணிக்கு என் செலவுன்னு பெருமையாக் குடுத்தான்."

மெழுகுத் தகட்டில் ஆறு மூலைக் கட்டங்கள் அச்சாகப் பதிந்திருக்கும். ஈ அதன்மேல் சுவர் எழுப்பும். வட்டமாகக் கட்டினால் இடையில் சந்து விழும். ஆறு மூலை அப்படி இல்லை, சுவரோடு சுவர் ஒட்டி, துளி மெழுகு வீணாகாமல் அடங்கும். கொத்தனுக்கே வராத வேலை அது.

அவள் வீட்டுக்குப் போய், ஈக்கள் தாமாகக் கட்டிய பழைய அடைத் துண்டு ஒன்றும் மிச்சமிருந்த தகடு ஒன்றும் கொண்டுவந்தாள். தகட்டின்மேல் ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்த்தோம். முதல் கட்டம் பொருந்தியது. அடுத்தது லேசாக விலகியது. போகப்போக விலகல் கூடி, கடைசியில் ஒன்றின் சுவர் இன்னொன்றின் நடுவில் வந்து நின்றது.

சோண்டம்மா கத்தாமல் மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அது சீமை ஈக்கு உள்ள தகடு. சீமை ஈ உடம்பு பெருசு. நம் மலை ஈ சின்னது. அகல அறையைப் பார்த்த ராணி ஆண் ஈக்கான அறை என்று நம்பி முட்டை போட்டிருக்கிறாள். அவள்மேல் என்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டுக் கூடத்தில் குடும்பம் கூடியது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நானும் போய் வாசலில் நின்றேன். நடுவில் முன்னோர்களின் தொங்குவிளக்கு எரிந்தது. அதன் கீழே நின்று பொய் சொல்ல அந்தக் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

சோண்டம்மா பழைய அடையைத் தகட்டின்மேல் வைத்துக் காட்டினாள். "பாரு குஷாலு."

"ரெண்டும் ஆறு மூலைதானே அண்ணி? அதுல என்ன பெருசு சிறுசு?"

"ஓ! உன் நிக்கரும் உன் மகன் நிக்கரும்கூட நிக்கர்தான். அவனோடத மாட்டிட்டு வா, பாப்போம்."

பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விளக்கப் பாத்துச் சொல்லு. கடைக்காரன் எந்த ஈக்குன்னு குடுத்தான்?"

குஷாலப்பா விளக்கைப் பார்த்தான். பிறகு தன் கால் விரலைப் பார்த்தான். "சீமை ஈக்குன்னுதான் சொன்னான். வெல கம்மியா இருந்துச்சு. ஈ ஈதானேன்னு..."

தெரிந்தே வாங்கியிருக்கிறான்! வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் வாயைக் குறை சொல்லியிருக்கிறான்!

குடும்பத் தலைவர் பெள்ளியப்பா தொண்டையைச் செருமினார். "எடம் சோண்டம்மாவுக்குத்தான். இதோட பேச்சு முடிஞ்சுது. நீயும் மனசுல எதையும் வெச்சுக்காதம்மா."

"ஏன் மாமா வெச்சுக்கக் கூடாது? பூ உதிர்ந்துபோச்சு. அத எந்தக் கொம்பன் எடுத்துத் திரும்பக் கிளையில ஒட்டுவான்?"

பந்தியில் இலை போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

மறுநாள் எல்லாப் பெட்டியிலிருந்தும் அந்த அடைகளை அறுத்து எறிந்தாள். வெறும் சட்டத்தின் மேல்கட்டையில் ஒரு கோடு மெழுகு மட்டும் தடவி விட்டாள். ஈக்கள் ஒன்றின் காலை ஒன்று பிடித்துத் தொங்கி, தம் அளவுக்குத் தாமே கட்டத் தொடங்கின. குனிந்து பார்த்துவிட்டு, "என்ன வேலைப்பாடுக்கா!" என்றேன்.

"அதுங்களுக்குத் தெரியுது. நான்தான் அவன் பேச்சக் கேட்டேன். மூடு பெட்டிய."

மிச்சமிருந்த தகடுகளைக் குஷாலப்பா வீட்டுப் பக்கத்து வேலியில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள். வெயிலுக்கு உருகி வழிகிறது. எடுக்கச் சொல்ல அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.