எதிர்வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம்

1985 ஜூன் 10, திங்கட்கிழமை, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். ஓசூரில் அந்த மாதம் வழக்கமாக விழும் தூறல். குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் நிற்கவும் முடியாது. மேற்கிலிருந்து குளிர்காற்று. என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தேன். அவளுக்கு நாலு வயது இரண்டு மாதம். எதிர்வீட்டுக் குழந்தைக்கும் அதே வயது, பதினோரு நாள் இளையவள். இரண்டு பேரையும் எங்கள் குடியிருப்பின் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு ஆலைக்குப் போவது என் வழக்கம். கோடை விடுமுறை முடிந்து அன்றுதான் பள்ளி திறந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குழந்தை வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் போட்டிருந்தாள். கழுத்தில் டை, காலில் புது ஷூ. தெருமுனையில் கான்வென்ட் வேன் நின்றது. அவள் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வேனில் ஏற்றினார். போகும்போதும் திரும்பும்போதும் எங்கள் வீட்டுப் பக்கம் அவர் முகம் வரவே இல்லை. என் மகள் தெலுங்கில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மூன்று முறை. வேன் போய்விட்டது.

அந்தப் பாலர் பள்ளி நானும் எதிர்வீட்டுக்காரரும் தொடங்கியது. எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். தமிழ் 19, தெலுங்கு 15, கன்னடம் 11, உருது 3. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவன். அவர் இந்த ஊர்த் தெலுங்குக் குடும்பம். நான் ஆலையில் அளவு பார்க்கும் பிரிவு, அவர் லேத். அரசுப் பள்ளியில் ஐந்து வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். கான்வென்டில் மூன்றரை வயதிலேயே எடுப்பார்கள், ஆனால் முதலில் பெற்றோரை உட்காரவைத்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கள் குழந்தைகள் தெருவில் திரிந்தார்கள்.

ஆலைக்கு இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளைக் கழிவு ஏலத்தில் எடுத்து, ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்துப் பதினான்கு குட்டிப் பெஞ்சுகள் செய்தோம். நான் அளந்தேன், அவர் அறுத்தார். தளி ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் ஒரு டீச்சர் வந்தார். வீட்டில் கன்னடம், வெளியில் தெலுங்கும் தமிழும். அவருக்கு ஒரு முறை இருந்தது: வருகைப் பதிவு எடுக்கும்போது குழந்தை தன் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லலாம். ‘இருக்கேன்’ என்று ஒன்று, தெலுங்கில் ‘உன்னானு’ என்று ஒன்று, கன்னடத்தில் ‘இத்தீனி’ என்று ஒன்று. யாரையும் திருத்த மாட்டார். மூன்றாம் மாதத்தில் என் மகள் ‘உன்னானு’ என்றாள், எதிர்வீட்டுக் குழந்தை ‘இருக்கேன்’ என்றாள். என் மகளுக்குத் தெரிந்த தெலுங்குச் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். 1985 மார்ச் மாதம் 143.

குடியிருப்புச் சங்கம் தன் கூடத்தை ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்திருந்தது. பதினைந்து குழந்தைகளுக்குக் குறைந்தால் கூடத்தைத் திருப்பித் தர வேண்டும். எங்களிடம் பதினெட்டுப் பேர். அதனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டோம்: ஒன்றாம் வகுப்புவரை எங்கள் பெண்களை வேறெங்கும் மாற்றுவதில்லை. அதை முதலில் சொன்னது அவர்தான்.

“நம்ம ரெண்டு பாப்பாவும் இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டாங்கண்ணா. நம்மளத்தான் எல்லாரும் பாக்கறாங்க.”

அதே மார்ச் மாதம் ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். “அண்ணா, சூப்பர்வைசர் இன்டர்வியூ வரும் போலிருக்குது. இங்கிலீஷ்லதான் கேப்பாங்களாம். எனக்கு வாயே வராது. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும்.”

இருபத்துமூன்று மாலைகள், ஆறரையிலிருந்து ஏழு பத்துவரை. 920 நிமிடம். உங்கள் படிப்பு என்ன, சம்பளம் என்ன, ஏன் இங்கே சேர விரும்புகிறீர்கள் என்று கேள்விகளை நானே தயாரித்தேன். விடைகளை அவர் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு, ‘பிகாஸ் ஆஃப் த டிசிப்ளின் அண்ட் த குட் நேம்’ என்று சொல்லச் சொன்னேன். நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். அடுப்படியில் என் மனைவி சிரிப்பாள்.

“சம்சாரம் என்னா படிச்சிருக்காங்கன்னு கேட்டாண்ணா?”

“ஆலையில அதெல்லாம் எதுக்குய்யா கேக்கப் போறாங்க?”

“கேட்டுட்டா?”

அதற்கும் ஒரு விடை எழுதிக்கொடுத்தேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு பிசகினால் பொருளைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்தக் கேள்வியைச் சந்தேகப்படாமல் ஏன் விட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன்.

“சூப்பர்வைசர் ஆயிட்டீங்களா?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லேத்காரர் ஒருவர் நிமிர்ந்தார். “யாரு, இவனா? சொல்லவே இல்ல. பார்ட்டி எப்படா?”

“நீ சும்மா துன்னுடா” என்றார் இவர். பிறகு என்னிடம், “கோச்சிக்காதீங்கண்ணா. நீங்க சொல்லிக்குடுத்தது எல்லாமே கேட்டாங்க. ஒண்ணு விடல. அந்த டிசிப்ளின் சொன்னதும் கான்வென்ட் சிஸ்டர் சிரிச்சிட்டாங்க.”

“வாக்குக் குடுத்தீங்களே.”

“குடுத்தேன். இல்லேங்கல. நீங்க பி.எஸ்சி.ண்ணா. ஒங்க பொண்ணு எங்க உக்காந்தாலும் படிச்சுக்கும். வூட்ல நீங்க இருக்கறீங்க. எங்கூட்ல யாரு? நான் எட்டாவது, அவ கைநாட்டு. எங்க பாப்பா தெலுங்குல பாட்டுப் பாடிக்கிட்டே இருந்தா என்னை மாதிரி லேத்துக்குத்தான் வரும்.”

“இதை மார்ச் மாசமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தா இங்கிலீஷ் சொல்லிக்குடுத்திருப்பீங்களா?”

நான் எழுந்துவிட்டேன். சாதம் பாதிக்கு மேல் மிச்சம்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும். பதினஞ்சு நாளாத் தெரியும். அந்தப் பாவாடைக்கு மடிப்பு நம்ம மிஷின்ல நாந்தான் அடிச்சுக் குடுத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா சண்டைக்குப் போவீங்க.” பிறகு, “எனக்கும் நம்ம பிள்ளைய அங்க சேக்கணும்னு ஆசைதான். நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?” என்றாள்.

கேட்கவில்லைதான். இருந்தாலும் பதினைந்து நாட்கள், ஒரே வீட்டில், என் எதிரிலேயே அந்த நீலத் துணி தைக்கப்பட்டிருக்கிறது.

அதன்பின் கணக்குச் சுலபம். எதிர்வீடு போனதும் பதினேழு. ஜூன் முடிவில் பதினான்கு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சு: ஆரம்பித்தவரே மாற்றிவிட்டார், நாம் ஏன் இருக்க வேண்டும்? ஜூலை 20 அன்று பதினொன்று. சங்கச் செயலாளர் சாவிக்கு வந்தார்.

“நான் என்னாங்க பண்ணட்டும்? பதினஞ்சு இல்லேன்னா கூடம் கேரம் போர்டுக்குன்னு தீர்மானத்துலயே எழுதியிருக்குதுங்க. அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?”

நான்தான். டீச்சர் தன் குடையையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார். “ஒங்க பாப்பா மூணு பாஷையிலயும் கதை சொல்லுது சார். நிறுத்திடாதீங்க” என்று சொல்லிவிட்டு மூன்றரை மணி பஸ்ஸுக்குப் போனார். பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் ஒருநாள் சாயங்காலம் வேன் வந்து நின்றபோது என் மகள் ஓடிப்போய் எதிர்வீட்டுக் குழந்தையைத் தெலுங்கில் விளையாடக் கூப்பிட்டாள். அந்தக் குழந்தை வேனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “நோ தெலுங்கு. மிஸ் அடிக்கும்” என்றது. வேன் போய் வெகுநேரம் கழித்துத்தான் என் மகள் வீட்டுக்குள் வந்தாள். தெலுங்கில் அவள் பேசுவது அன்றோடு குறைந்தது. பொங்கலுக்குள் நான் கேட்டால் ஐந்தாறு சொற்கள் சொல்வாள். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. நோட்டை மூடிவைத்தேன்.

எதிர்வீட்டுக்காரரும் நானும் அதன்பின் ஆறு வருடம் எதிரெதிரே இருந்தோம். வணக்கம் உண்டு, பேச்சு இல்லை. 1988-இல் அவர் உண்மையிலேயே சூப்பர்வைசர் ஆனார். அந்த இன்டர்வியூவுக்கு என்னிடம் வரவில்லை. அதற்கு அவருக்கு நான் தேவைப்படவில்லை.

என் மகள் பத்து மாதம் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. 1986 ஏப்ரலில் ஐந்து முடிந்தது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு என்று நான் சொன்னேன். மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நான் கான்வென்டில் விண்ணப்ப வரிசையில் நின்றேன். ஆங்கிலம் தெரியாது என்று, வயதில் சின்னப் பிள்ளைகளோடு எல்.கே.ஜி.யில் போட்டார்கள். எதிர்வீட்டுக் குழந்தை ஒரு வகுப்பு மேலே. வயது கூடிவிட்டது, இடம் இல்லை என்று முதலில் சொன்ன அலுவலகம், நன்கொடை என்றதும் இடம் இருக்கிறது என்றது.

நன்கொடை 2,500. அதற்கு ரசீது தரவில்லை. சேர்க்கைக் கட்டணம் 350, முதல் பருவம் 240, சீருடை இரண்டு செட் 310, ஷூவும் டையும் 118, புத்தகம் 96. அப்போது என் மாதச் சம்பளம் 1,140. மொத்தம் மூவாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு ரூபாய்.