இருபது வாட் பயம்

ஸ்டீரியோ கடையில் அவனை எல்லோரும் ஃபியூஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துபோயிற்று. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் அடிப்பான். வாடிக்கையாளர் வீட்டு நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்களா என்று தெருமுனையிலேயே நின்று போன் போட்டுக் கேட்பான். ஆனால் வேலை படு சுத்தம். அவன் இழுத்த ஒயரில் ஒரு பிசிறு பார்க்க முடியாது.

அந்தப் பயம் தொழிலுக்குள்ளும் புகுந்துகொண்டதுதான் வினை. ஸ்பீக்கருக்கு ஈடுகொடுக்கிற தெம்பு ஆம்ப்ளிஃபயருக்கு இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினால் அதற்கு மூச்சு முட்டும், சத்தம் உடையும். உடைந்த சத்தம் முதலில் சுடுவது ட்வீட்டரைத்தான். கீச்சென்ற சத்தங்களுக்கென்றே ஸ்பீக்கரின் மேல்பக்கம் இருக்கும் சின்ன வட்டம் அது. உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பிச் சுருள். இதெல்லாம் ஃபியூஸுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் பெரிய ஆம்ப்ளிஃபயரைக் கண்டாலே அவனுக்குக் கை உதறும். சின்னதை வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வான்.

ஃபியூஸின் மாமனார் ஆசை ஆசையாக நூறு வாட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினார். மருமகன் அதற்கு இருபது வாட் ஆம்ப்ளிஃபயரை மாட்டிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

மாமனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஃபியூஸின் மகளும் அதில்தான் போய் வருகிறாள். பிள்ளைகளை இறக்கிவிடும்போது வேன் ஆயா பின்பக்கம் நின்றுகொண்டு விசில் ஊதுவார். விசில் கேட்டால் வண்டி அசையக் கூடாது, பின்னால் பிள்ளை நிற்கிறது என்று அர்த்தம். உலகத்தில் எதை நம்பாவிட்டாலும் மாமனார் ஓட்டும் வண்டியை மட்டும் ஃபியூஸ் நம்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பத்தோடு மாமனார் வீட்டுக்குப் போனார்கள். வாசலிலேயே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. மனைவி அடுக்களைக்குப் போய்விட்டாள், மகள் பின்கட்டுக்கு ஓடிவிட்டாள். ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டான், தோசைக்கல்லாகக் கொதித்தது. வால்யூம் திருகு கடைசிவரை போய் நின்றிருந்தது. பாட்டு, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. ட்வீட்டரில் காதை வைத்துப் பார்த்தான். மூச்சுப் பேச்சில்லை. அடுத்த பெட்டியிலும் அதே கதை.

மாமனாரின் ஆசைப் பொருளைத் தன் கையாலேயே கருக்கியாயிற்று. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மாமனாரோ பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே, பாட்டு கணீரென்று இருப்பதாகவும், இப்படிப் பொருத்திக் கொடுக்க வேறு யாருக்கு வரும் என்றும் மெச்சிக்கொண்டார்.

போன உயிர் திரும்பி வந்தது. தப்பித்தோமடா சாமி என்று ஃபியூஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கை பாதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டு ட்வீட்டரும் செத்துக் கிடக்கிறது. இவருக்குக் கணீரென்று இருக்கிறதாம். திருகைக் கடைசிவரை தள்ளியது ஏன் என்று இப்போது அவனுக்குப் புரிந்தது. அப்படியானால் விசில்?

வாழ்நாளெல்லாம் சும்மா சும்மா பயந்தவனுக்கு அன்றைக்குத்தான் உண்மையான பயம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அது சத்தமே போடவில்லை. பாட்டை நிறுத்தினான். வேன் சாவியோடு ஆணியில் ஒரு மாற்று விசிலும் தொங்கியது. மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு இன்னும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். எடுத்தான், ஊதினான்.

மாமனார் திரும்பவில்லை. பின்கட்டிலிருந்து மகள்தான் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. பேத்தி வந்து நின்ற பிறகுதான் மாமனார் நிமிர்ந்தார். அவள் பொத்தியிருந்த காதைப் பார்த்தார். மருமகன் கையிலிருந்த விசிலைப் பார்த்தார். துணி கையிலிருந்து நழுவியது.

குழந்தையைத் தண்ணீர் கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். விசில் கேட்காமல் போய் வெகுநாள் ஆகிறதாம். ஆயாவின் கையைக் கண்ணாடியில் பார்த்தே வண்டியை எடுக்கிறாராம். வேலை போய்விட்டால் வீட்டில் முடங்கிப்போவோம் என்ற கவலையில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொல்லும்போது தரையைத்தான் பார்த்தார்.

மாமனார் முன்னால் சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிறவன் ஃபியூஸ். ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்தான். கை நடுங்கிய நடுக்கத்தில் சாவிக் கொத்து கலகலத்தது.

"இது என்கிட்ட இருக்கட்டும் மாமா. நாளைக்கு முதல்ல காது டாக்டர்கிட்ட போவோம். ஸ்கூல்ல நானே பேசுறேன்."

மாமனார் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

"கை இப்படி நடுங்குதே, பயமா இருக்கா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா. ரொம்ப."

"எனக்கும்தான். உங்க பொண்ணை இறக்கி விடுற ஒவ்வொரு தடவையும்."