நாற்காலியில் உட்கார்ந்த படங்கள்

உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு நான் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். மாப்பிள்ளைக்கோ மாவட்டச் செயலாளருக்கோ வாங்குவது வேறு. நான் அவர் இறந்துவிட்டார் என்று முழு மனதோடு நம்பி, முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி தொங்கப் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் மாலை நசுங்காமல் மடியில் ஏந்திக்கொண்டு போனேன். போன வாரம் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் யாரோ புதிதாக ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மைதாவும் மயில்துத்தமும் சேர்ந்து கொதித்த அந்தப் பசை வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மாலையின் ஈரம் வேட்டியில் இறங்கியது வரை எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், அஞ்சலி போஸ்டர் எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. படிப்பை முடித்த கையோடு நான் சேர்ந்தது அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு டி.டி.பி. சென்டரில். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மனித வாழ்க்கை முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் முடிந்துவிடும். கண்ணீர் அஞ்சலிக்கென்று எங்களிடம் ஒரு கண் இருந்தது. யாருடைய கண் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீண்ட இமை, மை தீட்டிய வெள்ளைக்காரப் பெண்ணின் ஒற்றைக் கண். அதிலிருந்து ஒரு சொட்டு. ஆவடியில் ரிட்டயர்டு ஃபோர்மேன் போனாலும் பூந்தமல்லியில் மாட்டுத் தரகர் போனாலும் அந்தப் பெண்தான் அழுவாள்.

எனக்கும் அப்போது கொஞ்சம் படிப்பாளி என்ற நினைப்பு உண்டு. ஒருமுறை தைரியமாக ஒரு போஸ்டரில் முகத்தைச் சுற்றிக் கொஞ்சம் வெள்ளை விட்டேன். முதலாளி பின்னால் வந்து நின்றார்.

“இன்னா நைனா, இவ்ளோ எடம் சும்மா கெடக்குது? பேப்பருக்குத் துட்டு குட்த்துகீறான்ல? ஒரு வெளக்கு வை. மூலைக்கு ஒரு ரோஜா வை.”

வைத்தேன். அதற்குப் பிறகு பல வருடங்கள் மூலைக்கு ஒரு ரோஜா வைத்துக்கொண்டே இருந்தேன். காலி இடம் என்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்று மனதார நம்பினேன். எவ்வளவோ புத்தகம் படித்திருந்தேன். அதெல்லாம் எந்த வழியாகப் போயிருந்தாலும் கண் வழியாக மட்டும் போகவில்லை.

அப்புறம் டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. தினமும் ஸ்டேஷன் வரை வண்டி, அங்கிருந்து ரயில். வண்டியை விடுவது ஏகாம்பரத்தின் சைக்கிள் ஸ்டாண்டில். சைக்கிள் ஒன்றுகூட இல்லாத காலத்திலும் அதற்கு அதுதான் பெயர். ஏகாம்பரத்துக்குத் தொழில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது. கலை, வண்டிக்காரர்களைத் திட்டுவது. “யோவ், நட்டநடு வழியில வுட்டுட்டுப் போறியே, உன் ஊட்டு வாசப்படியில நான் கட்ல போட்டுப் பட்த்துக்கட்டா?” ரயிலைப் பிடிக்க ஓடும்போது முதுகுக்குப் பின்னால் இது கேட்டால்தான் எங்களுக்கு அன்றைய வேலை நாள் முறைப்படி தொடங்கும்.

ஒரு வாரம் அந்தக் குரல் கேட்கவில்லை. ஸ்டாண்டில் அவருடைய மைத்துனன் இருந்தான். பேசாமல் டோக்கன் கொடுத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருகிறேன், ஸ்டேஷன் சுவரில் ஏகாம்பரத்தின் முகம். இவ்வளவு பெரியது. கீழே “ஏகாம்பரம், சைக்கிள் ஸ்டாண்ட், அம்பத்தூர்” என்று பெயர். அதற்குக் கீழே “சனி, ஞாயிறு, காலை பத்து மணி முதல்” என்றும், அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு முகவரியும்.

நீங்களே சொல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சுவரில் ஒரு முகம் பெரிதாக வந்தால் ஒன்று, தலைவருக்குப் பிறந்தநாள். இல்லையென்றால் சாதாரண மனிதன் போய்விட்டான். ஏகாம்பரம் தலைவர் இல்லை. அங்கேயே நின்று சுவரைப் பார்த்துக் கைகூப்பினேன். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? தோற்றம், மறைவு போடவில்லை. பேரன் பேத்திகள் பெயர் இல்லை. இரண்டே வண்ணம், கருநீலமும் ஆரஞ்சும். சுற்றிலும் வெறும் வெள்ளை. அழுவதற்கு அந்தப் பெண்கூட இல்லை. பாவம், வசதியில்லாத குடும்பம், எவனோ கற்றுக்குட்டியிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியை எடுக்கும்போது மைத்துனனிடம் கேட்க மனம் வரவில்லை.

மறுநாள் மாலையை வாங்கிக்கொண்டு வானகரம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி அந்த முகவரியில் இறங்கினால், அது புதிதாகக் கட்டிய ஒரு அபார்ட்மெண்ட். கீழ்த்தளத்தில் கடைகளுக்காகக் கட்டி இன்னும் வாடகைக்குப் போகாத ஒரு நீளக்கூடம், ஷட்டர் திறந்திருந்தது. பந்தலும் இல்லை, பறையும் இல்லை. வாசலில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கையில் குறடோடு நின்றிருந்தாள். என் மாலையைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்தது.

“நீங்களுமா சார்?” என்றாள்.

அவள் பெயர் பிரிசில்லா. பட்டாபிராம் பெண். ஏகாம்பரம் திருத்தணிக்கு மொட்டை போடப் போய் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார், நன்றாகவே இருக்கிறார், இது துக்க வீடு இல்லை, ஓவியக் கண்காட்சி, அந்தப் போஸ்டர் அதற்கான அழைப்பு என்று மனப்பாடம் செய்தவள் மாதிரி சொன்னாள். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நான் மாலையைத் தண்ணீர் கேனுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

“ஜனங்க வந்தாங்க சார், வரலன்னு சொல்ல முடியாது” என்றாள். “எல்லாரும் வாசல்லயே நின்னு கண்ணத் தொடச்சிட்டுத் திரும்பிட்டாங்க. டீ குடுத்தா, துக்க ஊட்ல கை நனைக்கக் கூடாதுன்றாங்க.”

விளம்பரக் கம்பெனி ஒன்றில் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நட்சத்திரம் வெடிக்கிற மாதிரி படம் போட்டுக்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு ஒரு வருடமாக ரயிலிலும் ஸ்டேஷனிலும் உட்கார்ந்து மனிதர்களை வரைந்திருக்கிறாள். பெங்களூரில் அவளுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. ஞாயிறு ராத்திரி ரயிலுக்கு அப்பா டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். “நம்ம ஜனங்க வந்து உன் படத்தப் பாத்தா இங்கயே இரு, இல்லன்னா கிளம்புன்னு சொல்லிட்டார் சார். இந்த ரெண்டு நாள்தான்.”

இவ்வளவு கேட்ட பிறகு திரும்பிப் போக முடியாது. உள்ளே போனேன்.

எப்படிச் சொல்வது? தினமும் நான் பார்க்கிற சாமான்கள்தான் அங்கே இருந்தன. ஆவடி வண்டியின் ஜன்னல் ஒன்று. ஆட்கள் இல்லை, கம்பியைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும். ஒவ்வொரு கையும் எந்த ஸ்டேஷனில் இறங்கும் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. மழை விட்ட அயனம்பாக்கம் ஏரியில் அபார்ட்மெண்ட்கள் தலைகீழாக நின்றன. ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மாவின் கூடையில் மல்லிகை என்று பிரிசில்லா எதையுமே வரையவில்லை. சுற்றிலும் இருட்டைப் போட்டுவிட்டுப் பூவை விட்டுவிட்டிருந்தாள். கூடத்தின் நடுச்சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, ஏகாம்பரம். வாய் திறந்திருக்கிறது. தோளில் துண்டு. அந்த வாயிலிருந்து அடுத்து வரப்போகும் வார்த்தை என் காதில் விழுந்தது. நானே அனிச்சையாக ஒதுங்கி நின்றேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சட்டை இருக்க வேண்டிய இடத்தில் சட்டையே இல்லை. வெறும் காகிதம். காலருக்கு ஒரு கோடு, வரிசையாகப் பொத்தான்கள், அவ்வளவுதான். ஆனால் அது துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைச் சட்டை என்று சத்தியம் செய்வேன். என் முதலாளி பார்த்திருந்தால் அந்த மார்பில் நாலு ரோஜா வைத்திருப்பார். அவரை ஏன் சொல்ல வேண்டும், வைத்தவன் நான்தானே. நாற்பதை நெருங்கும் வயதில் முதல்முறையாக ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

அப்போதுதான் வாசலில் ஒரு குரல்.

“எம்மா, யாரு நீ? உசுரோட கீற மன்சன சொவுத்துல மாட்டி வெச்சிகீற?”

ஏகாம்பரத்தின் மனைவி கஸ்தூரி. பின்னால் மொட்டைத் தலையில் சந்தனம் காயாத ஏகாம்பரம்.

“காலைல திர்த்தணில இருந்து வந்து எறங்குறோம், ஊட்டு முன்னால ஜனம். அடுப்பு எரியாதுன்னு எதிர் ஊட்டுக்காரி காபி போட்டு எட்த்தாந்துகினு கீறா. இந்தாளு பால் பாக்கெட்டோட உள்ள நொய்யிறாரு, அவ தூக்கோட காபிய கீய போட்டுட்டா!”

“அக்கா, நான் அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் வரைஞ்சேன்” என்றாள் பிரிசில்லா.

“கேட்டுச்சு கஸ்தூரி” என்றார் ஏகாம்பரம். “நான் ஏதோ ஆதாருக்குன்னு நெனச்சிகினேன்.”

அவர் படத்துக்கு நேரே போய் நின்றார். மொட்டை ஏகாம்பரமும் முடியுள்ள ஏகாம்பரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவர் எடுக்கச் சொன்னால் பூக்காரம்மா எடுக்கச் சொல்வார், அப்புறம் ஒவ்வொருவராக வருவார்கள், கடைசியில் அந்தப் பெண்ணுக்குச் சுவர்தான் மிஞ்சும் என்று எனக்கே கணக்கு ஓடியது.

“இதுல யாரத் திட்டிகினு கீறேன்?” என்றார்.

பிரிசில்லா யோசித்தாள். “வழியில வண்டிய விட்டவர.”

“அப்ப கரீட்டு.”

கஸ்தூரி சமாதானமாகவில்லை. அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். படத்தைக் கிழித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் கை நீண்டு, தொடாமல் நின்றது. நீலப் பொத்தான்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஆரஞ்சு. நான் அதை அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

“இந்தப் பொத்தான் நான் தெச்சது” என்றார், சத்தம் இறங்கி. “அதே கலரு கெடைக்கல.” கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “நல்லாத்தான் போட்டுகீற. ஆனா சொவுத்துல வேணாம். சொவுத்துல கீறவங்கல்லாம் போய்ச் சேந்தவங்க.”

“அப்ப எங்கக்கா வைக்கிறது?”

“உசுரோட கீறவன் எங்கம்மா இருப்பான்? கீய எறக்கி உக்கார வை.”

பிரிசில்லா சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்துக்கும் உயரம் அளந்து, கயிறு கட்டி, வெளிச்சம் பார்த்து அவளே மாட்டியது. மூலையில், ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கென்று வாடகைக்கு எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றை இழுத்துப் போட்டாள். “சார், ஒரு கை பிடிங்க” என்றாள்.

ஏகாம்பரத்தை இறக்கி நாற்காலியில் சாய்த்தோம். அப்புறம் பூக்காரம்மா, டிக்கெட் பரிசோதகர், டியூஷன் டீச்சர், மீன் கூடையோடு ரயிலின் வெண்டார் பெட்டியில் ஏறுகிற கிழவர் என்று உயிரோடிருக்கும் அத்தனை பேரையும் இறக்கி உட்கார வைத்தோம். ஏரியும் ரயிலும் மட்டும் சுவரில் தங்கின. முடித்துவிட்டு வாசலிலிருந்து பார்த்தால், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்து காத்திருக்கிற சனம் மாதிரி வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டியிருந்தபோது அவை நல்ல படங்கள். உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏகாம்பரம் ஸ்டாண்டில் நின்று வண்டி விட வந்த ஒவ்வொருவரிடமும், “மச்சான், நான் பூட்டேனாம். ஏரிக்கரையில கீறேன், போய்ப் பாத்துட்டு வா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்பத்தூரே வந்தது. பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். பூக்காரம்மா தன் படத்துக்கு ஒரு முழம் மல்லிகையைக் கொண்டையில் வைப்பது போல் நாற்காலியில் செருகிவிட்டுப் போனார். சாயங்காலம் பிரிசில்லாவின் அப்பா சர்ச்சுக்குப் போன வெள்ளைச் சட்டையோடு வந்தார். ஒவ்வொரு நாற்காலியாக நின்று பார்த்துக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்பினார். தன் செல்போனை மகளிடம் நீட்டி, “இதுல டிக்கெட்ட எப்படிம்மா கேன்சல் பண்றது?” என்றார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் எங்கள் பக்கத்துக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. ஆவடியில் ஒரு சர்ச் ஹால், பட்டாபிராமில் ஒரு பள்ளிக்கூட வராந்தா, முகப்பேரில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடி என்று பிரிசில்லாவும் அவள் நண்பர்களும் கடை விரித்தார்கள். கையால் அச்சடித்த போஸ்டர்கள், நாலு பக்கப் படப் புத்தகங்கள், தமிழ் எழுத்துகளை வைத்தே வரைந்த முகங்கள். ஒன்று விடாமல் போனேன். பக்கத்தில் நிற்பவர்களிடம் “இந்த வெள்ளை எப்படி மூச்சு விடுது பாத்தீங்களா?” என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது. அவர்கள் மெதுவாக நகர்ந்துவிடுவார்கள்.

இப்போது அந்தக் கூடம் ஸ்கேன் சென்டர். ஸ்டேஷன் சுவரில் டைல்ஸ் பதித்துவிட்டார்கள், பசை பிடிக்காது. ஸ்டாண்ட் இருந்த இடம் கார் நிறுத்தம். அங்கே திட்டுவதற்கு ஆளில்லை, தடுப்புக் கட்டைதான் ஏறி இறங்குகிறது. பிரிசில்லா இங்கேதான் இருக்கிறாள், பட்டாபிராமிலேயே. ஆனால் படங்களை இப்போது போனில்தான் பார்க்கிறேன், கட்டைவிரலால் தள்ளித் தள்ளி. டவுனில் ஏ.சி. போட்ட இடத்தில் அவள் கண்காட்சி வைத்தபோது அந்த நாற்காலி விஷயத்தைப் பற்றிப் பெரிய ஆட்கள் மைக் பிடித்துப் பேசினார்கள். கலையைப் பீடத்திலிருந்து இறக்கினாள் என்றார்கள். நானும் கை தட்டினேன்.

போன மாதம் ஆவடி மார்க்கெட்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். இப்போது மகனோடு திருநின்றவூரில் இருக்கிறார்களாம். ஏகாம்பரம் அங்கே அக்கம்பக்கத்தாரைத் திட்டிக்கொண்டு சௌக்கியம். நான் விடவில்லை. அன்றைக்குக் கஸ்தூரி சொன்ன ஒரு வார்த்தையால்தான் எல்லாம் மாறியது, அதை இன்றைக்கும் பேசுகிறார்கள், ஓவியத்தை மனிதர்களுக்குச் சமமாக உட்கார வைத்தவர் அவர்தான் என்று கீரைக்கடை முன்னால் நின்று விளக்கினேன். அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அது இன்னாவோ சார்” என்றார். “அன்னிக்கி எனக்கு முட்டி வலி. படமெல்லாம் ஜம்முனு உக்காந்துகினு கீது, வந்த மன்சங்க கால்கடுக்க நின்னுகினு கீறோம். இன்னும் நாலு சேரு எச்சா எட்த்திருக்கலாம்ல?”