பார்க்கிங் ஓடையில் திரும்பி வந்த மாலை

சனிக்கிழமை காலை 7.25. எட்மண்டன் கிரீன் ரயில் நிலையத்தில் முதுகுப் பையோடும் கையில் ஒரு துணிப்பையோடும் நின்றுகொண்டிருந்தேன். முதுகுப் பையில் ரப்பர் பூட்ஸ், தண்ணீர் பாட்டில், ஆறு இட்லி. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர்ப் பக்கம், ஆற்றோரத்தில் நாணல் நடத் தன்னார்வலர்கள் தேவை என்று அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் சுற்றுக்கு வந்திருந்தது. நாற்காலியை விட்டு எழாமல் பதினோரு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவனுக்கு வந்த திடீர் வீரத்தில் பெயர் கொடுத்துவிட்டேன்.

துணிப்பை என் மனைவி கொடுத்தது. சித்திரை முதல் தேதி பூஜைக்காக ஈஸ்ட் ஹாமில் வாங்கிய மாலைகள் இரண்டும் வாடிக் கிடந்தன. கலசத்துத் தேங்காய் ஒன்றும் இருந்தது. "ஆத்துக்குத்தானே போறீங்க, அப்படியே விட்டுட்டு வந்துடுங்க. குப்பைல போட மனசு வரல" என்றாள். சாமிக்குச் சாத்தியதை ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் மறுபேச்சே கிடையாது. ஆற்றைக் காப்பாற்றப் போகிறவன் ஆற்றில் போடுவதற்கென்று ஒரு மூட்டையும் தூக்கிக்கொண்டு போகிறானே, இது எங்கேயோ இடிக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கி, ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலுக்கு மாறினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த பூட்ஸையே கவனித்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"தம்பி, மீன் பிடிக்கவோ போறியள்?"

"இல்லைங்க ஐயா. ஆத்தங்கரையில நாணல் நடப் போறேன்."

"எவ்வளவு தருவினம்?"

"ஒண்ணும் கிடையாதுங்க. சும்மாதான்."

"சனிக்கிழமையிலயோ!" என்று என்னை உண்மையான கவலையோடு பார்த்துவிட்டு ஈஸ்ட் ஹாமில் இறங்கிப் போனார்.

8.40க்கு பார்க்கிங். பஸ்ஸில் போனால் ஒன்றே முக்கால் பவுண்டு. நடந்தால் இருபத்தைந்து நிமிடம். நடந்தேன். ரோடிங் ஆறு தேம்ஸில் கலப்பதற்கு முந்தைய கடைசிப் பகுதியைத்தான் பார்க்கிங் கிரீக் என்கிறார்கள். பெயர் ஓடை என்றாலும் அகலம் ஆற்றுக்குரியது. ஒரு பக்கம் புது அடுக்குமாடிகள், மறுபக்கம் கிடங்குகள், நடுவில் பழுப்புத் தண்ணீர். நடைபாலத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, துணிப்பையைக் கவிழ்த்தேன். மாலைகளும் தேங்காயும் தேம்ஸை நோக்கி நிதானமாக நகர்ந்து வளைவில் மறைந்தன. பை காலி, மனசும் லேசு. ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

9.15க்கு நடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான டெரெக். கழுத்தில் விசில், கையில் அன்றைய நீர்மட்ட அட்டவணை. எங்கள் நாற்பது மீட்டர் கரைக்குத் தலைவி கௌரி அக்கா. பருத்தித்துறைக்காரர். பார்க்கிங்கில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். நான் தமிழ் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ தம்பி, வாங்கோ. எங்கட ஆக்கள் ஒருத்தரும் வாறேல்லை எண்டு இப்பதான் டெரெக்கிட்டச் சொன்னனான்."

கரையோரமாக முளைக்குச்சிகள் அடித்து, நீளமான தென்னைநார் உருளைகளைக் கட்டியிருந்தார்கள். உருளைக்கும் கரைக்கும் நடுவே படிந்திருக்கும் சேற்றில் நாணல் நாற்றை நட வேண்டும். உருளையைத் தட்டிக் காட்டி, "எங்கட ஊர்த் தும்பு, லண்டன் கரையைத் தாங்குது" என்று பெருமைப்பட்டார் அக்கா.

கடல் மட்டம் உயர உயரத் தேம்ஸின் நீர் ஏற்றமும் கூடிக்கொண்டே வருகிறது. அதற்குச் சுவரை உயர்த்திக்கொண்டே போவது ஒரு வழி. சேறும் நாணலும் அலையின் வேகத்தைத் தணிக்கும், மீன்குஞ்சுகளுக்கு ஒளிய இடமும் கொடுக்கும் என்பது இவர்கள் நம்பும் வழி. ஆனால் போன வருஷம் நட்டது அத்தனையும் போய்விட்டது. மிதந்து வந்த குப்பை சிக்கி நாற்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டதாம்.

"இந்த முறையும் பிடிக்காட்டில் கவுன்சில் கரை முழுக்க இரும்புத் தகடு அடிக்கப் போகுது, தம்பி" என்றார் அக்கா. "அடிச்சால் பிறகு இங்க ஒரு புல்லும் முளைக்காது. நான் கெஞ்சித்தான் இன்னொரு வருசம் வாங்கினனான்."

முழங்கால் வரை சேறு. ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு நாற்று. குனிந்து நட்டு, சுற்றிலும் விரலால் அமுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் என் இடுப்பு முறையிட ஆரம்பித்தது. பக்கத்தில் அக்கா விறுவிறுவென்று ஒரு வரிசையை முடித்துவிட்டு, நான் நட்டதில் பாதியைத் திரும்ப அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு காலைத் தூக்கினேன். பூட்ஸ் சேற்றிலேயே நின்றது, கால் மட்டும் வெளியே வந்தது. டெரெக் விசிலடித்துக் கைதட்டினார்.

11.10க்கு டெரெக் இன்னொரு விசில் ஊதினார். ஏற்றம் தொடங்கிவிட்டது, இருபது நிமிடத்தில் எல்லோரும் மேலே ஏறிவிட வேண்டும் என்றார். கரையேறித் திரும்பிப் பார்த்தேன். ஓடை எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. குளித்தலையில், காவிரிக் கரையில் வளர்ந்தவன் நான். ஆறு என்றால் ஒரே பக்கமாகப் போவது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியாது.

முதலில் வந்தது தேங்காய். குங்குமப் பொட்டு சற்றே கரைந்த நிலையில் தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. பின்னாலேயே இரண்டு மாலைகள், சரிகை நாடா பளபளக்க.

"அங்க பாருங்கோ, ஆரோ எங்கட ஆக்கள்தான்!" என்று கௌரி அக்கா பல்லைக் கடித்தார். "பூ உக்கி மண்ணாப் போகும். உந்த நைலோன் நூல் உக்காது தம்பி. நாத்தில சுத்தினா, தண்ணி ஏற ஏற மாலையும் மிதக்கும், நாத்தையும் இழுத்துக்கொண்டு போகும். போன வருசம் உதாலதான் எல்லாம் போனது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. இரண்டு மாலைகளும் உருளையைத் தாண்டி, நாங்கள் காலை முழுக்க நட்ட வரிசைகளுக்குள் நுழைந்துவிட்டன. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"அக்கா... அது என்னோடதுதான். காலைல பாலத்துல இருந்து நான்தான் விட்டேன்."

அக்கா இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் கையில் திணித்தார். "பிறகு பேசுவம். முதல் இறங்குங்கோ!"

இறங்கினோம். தண்ணீர் ஏற்கெனவே கணுக்கால் அளவு இருந்தது. இழுத்தால் நாற்றும் வந்துவிடும். நூலை நாற்று நாற்றாகத்தான் வெட்ட வேண்டும். அவர் நாற்றைப் பிடித்துக்கொள்ள, நான் வெட்டினேன். ரோஜா, சாமந்தி, சரிகை எல்லாம் விரலில் சுற்றிக்கொண்டன. தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது டெரெக் விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு நூலையும் வாயில் கடித்துக்கொண்டு ஏறினேன். ஏழு நாற்றுகள் போய்விட்டன.

கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தோம். தண்ணீர் நாணல்களை மூடியது. அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர் கழன்ற நாற்று இருந்தால் இப்போது மேலே மிதக்க வேண்டும். இட்லியை நீட்டினேன், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். 12.20 ஆனது. தண்ணீரில் வாத்துகளைத் தவிர வேறெதுவும் மிதக்கவில்லை.

"ஒண்டும் வரேல்லை" என்றார் மெதுவாக. பிறகு சத்தமாகச் சிரித்தார். "ஊரில சனம் பாவம் கழுவ ஆத்துக்குப் போகும். நீங்கள் ஆத்தில பாவத்தைச் செய்துபோட்டு, அதே ஆத்தில கழுவியும் போட்டியள். ஒரே டிக்கெட்டில ரெண்டு!"

"அப்ப நீங்க சாமிப் பூவை என்னக்கா பண்ணுவீங்க?"

"நூலை உருவிப்போட்டு ரோசாச் செடிக்குப் போடுவன். சாமிக்கு அதில ஒரு குறையும் இல்லை. இந்த வருசம் நல்லாத்தான் பூத்துக் கிடக்கு."

1.50க்கு பார்க்கிங்கில் ரயில் ஏறினேன். கால்சட்டையிலிருந்து சேறு உதிர்ந்தது. பக்கத்து இருக்கை எட்மண்டன் வரை காலியாகவே இருந்தது. எனக்கு அளவில்லாத சந்தோஷம். அதோடு ஒரு கூச்சமும் இருந்தது. குளித்தலையில் காவிரியில் எத்தனை மாலை விட்டிருப்பேன்! விட்டதும் ஒரு கும்பிடு, அவ்வளவுதான். காவிரி ஒருநாளும் எனக்கு எதையும் திருப்பித் தந்ததில்லை. கீழே ஏதோ ஒரு கரையில் யாரோ முழங்கால் சேற்றில் நின்று அந்த நூலை அறுத்திருப்பார்கள், என்னைத் திட்டியுமிருப்பார்கள். அவர்களை நான் பார்த்ததே இல்லை. பார்க்கிங்கில்தான் முதல்முறையாக அப்படி ஒருவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.