பத்தொன்பதாம் படம்

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. ஓர் அம்மாள் சாலையோர வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பாதி பிரிந்த மாட்டுக் கயிறு. மாடு இல்லை. முகம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறது. படத்துக்குக் கீழே, வெள்ளை அட்டையில், எடுத்தவர் பெயர் எழுதிய சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது. அந்தச் சீட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெளுப்பான ஒரு விளிம்பு தெரியும். முன்பு அங்கே இதைவிடப் பெரிய சீட்டு ஒன்று இருந்தது. அதில் இருந்தது என் பெயர்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மதுரையில் நாங்கள் இருபது பேர் போலச் சேர்ந்து ஒரு புகைப்பட மன்றம் வைத்திருந்தோம். ஒருவருக்கும் அது தொழில் இல்லை. நான் கப்பலூரில் ஒரு சிறு தொழிற்சாலையில், செய்து முடித்த உதிரிபாகங்களின் அளவைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். கோரிப்பாளையத்தில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருந்தவர் எங்களோடு சேர்ந்தார். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். சவுதியிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்து கொடுத்த காமிரா அவரிடம் இருந்தது. மன்றத்திலேயே நல்ல காமிரா அதுதான். என்னிடம் இருந்தது ஒரு நோட்டு. எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் எண், நேரம், லென்ஸ் துவாரம், ஷட்டர் வேகம் நான்கையும் எழுதிவிடுவேன். எதைப் படம் எடுத்தேன் என்று மட்டும் எழுதுவதில்லை. அதுதான் படத்திலேயே தெரியுமே என்று நினைத்தேன்.

அந்த ஆண்டு மன்றச் செயலாளர் ஒரு போட்டி வைத்தார். இருவருக்கு ஒரு காமிரா, ஒரே ஒரு ரோல். முப்பத்தாறில் முதல் பதினெட்டு ஒருவருக்கு, மீதி மற்றவருக்கு. ஒரு வாரத்துக்குள் ஏதேனும் ஒரு பகலில் எடுத்து முடிக்க வேண்டும். நெகட்டிவை வெட்டாமல் முழுசாக ஒப்படைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு படம்தான் போட்டிக்குப் போகும். தலைப்பு: காத்திருப்பு. சீட்டுக் குலுக்கியதில் பாயும் நானும் ஜோடி. முதல் பாதி அவருக்கு.

காத்திருப்பு என்ற தலைப்புக்கு என்னைவிடப் பொருந்தாத ஆள் மன்றத்தில் கிடையாது. பேருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறவன் நான். உசிலம்பட்டிச் சந்தை நாளில் போவதென்று முடிவாயிற்று. நான் விடுப்பு எடுத்தேன், பாய் கடையைத் தம்பியிடம் விட்டார். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவர் ரோலை மாட்டிக் காமிராவின் பின்மூடியைச் சாத்தினார். செக்கானூரணி தாண்டுவதற்குள் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரோல் உள்ளே பல்லில் மாட்டவில்லையென்றால் நாள் முழுக்க வெறும் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருப்போம். அப்படி ஏமாந்தவர்கள் மன்றத்திலேயே இரண்டு பேர் உண்டு.

"மூடியத் தொறக்காதீகண்ணே. புடிச்சிருக்கு. நான் சுத்திப் பாத்துட்டேன்" என்றார் பாய்.

"ஒரு தடவை பாத்துருவோம் பாய்."

"பாத்தா மட்டும் மனசு ஆறிருமாக்கும் ஒங்களுக்கு?"

திறந்தேன். மாட்டித்தான் இருந்தது. மூடி, வெளிச்சம் பட்ட பகுதியைத் தள்ளிவிட்டு, எத்தனையாவது படம் என்று காட்டும் காமிராவின் காட்டியில் ஒன்று என்ற எண் வரும்வரை சுற்றினேன். நோட்டில் தலைப்பு எழுதிக் கோடு போட்டேன்.

சந்தையில் பாய் என்னைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் சில சமயம் அரை மணி நேரம் போகும். ஆட்டுக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து ஆட்டின் பல் பற்றிப் பேசுவார். பேருந்து நிலையத்தில் கடிகாரத்துக்குக் கீழே படுத்திருந்தவரை எடுத்துவிட்டு, அவர் எழுந்தபின் டீ வாங்கிக் கொடுத்தார். நான் நேரத்தை எழுதுவதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினேழு முடிந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

"ஒன்னுதான் பாய் பாக்கி. எதையாச்சும் எடுத்துட்டுக் குடுங்க. ஒளி போயிரும்."

"எதையாச்சும் எடுக்கவாண்ணே இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

அப்போதுதான் அந்த அம்மாள் கண்ணில் பட்டார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்கியவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போவார், பழைய கயிறு விற்றவரோடு வீடு திரும்பும். அந்த அம்மாள் கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பாய் எதிரே ஒரு கல்லில் போய் உட்கார்ந்தார். காமிரா மடியில் கிடந்தது. நான் பின்னால் கால் மாற்றி மாற்றி நின்றேன். எவ்வளவு நேரம் என்பது நோட்டில் இருக்கிறது: நாற்பத்து மூன்று நிமிடம். ஒரு முறை தட்டும் சத்தம் கேட்டது. காமிராவை என்னிடம் நீட்டினார். நான் அங்கேயே நின்று அதே அம்மாளை எடுத்தேன், உடனே மாட்டு லாரிகளின் பக்கம் ஓடினேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் மீதி அத்தனையையும் எடுத்து முடித்தேன்.

பத்து நாள் கழித்து மன்றத்தின் மாடி அறையில் செயலாளர் எங்கள் ரோலின் காண்டாக்ட் பிரிண்டை விரித்தார். நெகட்டிவ் அளவிலேயே எல்லாப் படங்களும் ஒரே தாளில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஃபிலிமிலேயே அச்சாகி வந்த எண் இருக்கும். நானும் பாயும் ஒரே நேரத்தில் ஒரே படத்தின் மேல் விரல் வைத்தோம். பக்கத்துப் படத்திலும் அதே அம்மாள்தான். ஆனால் அதில் கயிறு சுருட்டப்பட்டிருந்தது. எங்களைக் கவனித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இது நான் எடுத்தது. நான் தட்டுறப்ப அந்தம்மா கயித்தப் பிரிச்சிட்டு இருந்துச்சு" என்றார் பாய்.

செயலாளர் பூதக்கண்ணாடி வைத்து விளிம்பைப் பார்த்தார். "பத்தொன்பது."

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். பதினெட்டோடு பாயின் பகுதி முடிந்து, சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பத்தொன்பதிலிருந்து நான். அந்த அம்மாளை நான் ஒரு முறை எடுத்தேனா இரண்டு முறை எடுத்தேனா என்பது எனக்கே அப்போது நிச்சயமாக இல்லை. நோட்டு நிச்சயமாக இருந்தது.

"நோட்டுல இருக்கு பாய்" என்றேன்.

யாரோ ஒருவர், "பாய், அவரு தும்முனாக்கூட டைம் எழுதுற ஆளு. அவருகிட்டப் போயி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். "எழுதி வச்சவுக சொன்னாச் சரிதான்" என்று சொல்லி, ஆட்டுக்காரர் படத்தைப் போட்டிக்குக் கொடுத்தார்.

எனக்கு முதல் பரிசு கிடைத்தது. நான் செய்ததிலேயே நினைக்கக் கூசுவது அதற்கடுத்த வாரம் செய்ததுதான். அந்தப் படத்துக்குச் சட்டம் போட பாய் கடைக்கே கொண்டுபோனேன். தேக்குச் சட்டமாகப் போட்டார். என் பெயரைத் தட்டச்சு செய்த சீட்டை அளவு பார்த்து ஒட்டி, "பேரு சரியா இருக்கான்னு பாத்துக்கங்க" என்றார். சரியாக இருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு பாய் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. காமிராவை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கடையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்ட காரணம் ஏனோ மனதில் உட்காரவில்லை. ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் வழியாகப் போகவேண்டிய வேலைக்கெல்லாம் சுற்றுவழியில் போனேன்.

சில ஆண்டுகளில் டிஜிட்டல் வந்தது, மன்றம் கலைந்தது, அங்கே ஒப்படைத்த எங்கள் ரோல் என் கைக்கு வந்தது. பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நாளும் நேரமும் சேர்க்கும் வேலையை ஒரு கோடையில் தொடங்கினேன். உசிலம்பட்டி ரோலில் ஏழாம் எண் படத்தில் பேருந்து நிலையக் கடிகாரம் இருந்தது. நோட்டில் ஏழுக்கு எழுதியிருந்த நேரம் வேறு. கடிகாரம் தவறாக ஓடியிருக்கும் என்று தள்ளினேன். பதினோராம் எண்ணிலும் அதே கடிகாரம். அங்கேயும் பொருந்தவில்லை. ஆனால் இரண்டு வித்தியாசமும் ஒரே அளவாக இல்லை. தாமதமாக ஓடும் கடிகாரம் அப்படிச் செய்யாது. ஒவ்வொன்றும் நோட்டில் அதற்கு முந்தைய வரியோடு நிமிடம் பிசகாமல் பொருந்தியது. ஏழு என்பது ஆறு. பதினொன்று என்பது பத்து.

ரோலின் தொடக்கத்துக்குப் போனேன். ஒன்று என்று எண் போட்ட இடம் வெளிச்சம் தின்று வெறும் கறுப்பாக இருந்தது. பேருந்தில் நான் மூடியைத் திறந்த இடம். மூடியைத் திறந்ததும் காட்டி பழையபடி தொடக்கத்துக்குப் போயிருக்கிறது. ரோல் மட்டும் ஒரு படம் முன்னால் நகர்ந்திருக்கிறது. நெகட்டிவின் பத்தொன்பது, நோட்டின் பதினெட்டு. சிவப்புக் கோட்டுக்கு மேலே, பாயின் பகுதியில்.

மறுநாள் காலையிலேயே படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போனேன். சிக்னலில் பேருந்து நின்றது. பொறுக்காமல் நடுவிலேயே இறங்கி வண்டிகளுக்கிடையில் நடந்தேன். கடையில் பாய் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது.

"வாங்கண்ணே. கண்ணாடி ஒடஞ்சிருச்சா?" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் போல.

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நெகட்டிவையும் நோட்டையும் மேசையில் வைத்தேன். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. படத்தைப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கடிகாரமெல்லாம் வேணாம்ணே. எடுத்தவனுக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமே பாய்."

"சொன்னேனே. நீங்க நோட்டத் தொறந்தீக."

நோட்டை மூடினேன். அவர் அந்த அம்மாளின் முகத்துக்கு மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "இந்தம்மா அப்புறம் என்ன செஞ்சுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் லாரிப் பக்கம் போயிட்டேன்."

"மூணு பஸ் வந்துச்சு. ஏறல. மாட்டைக் கொண்டுபோன லாரி கெளம்பி அந்த வழியா வந்துச்சு பாத்துக்கங்க. அதுக்காகத்தான் உக்காந்துருந்திருக்கு. லாரி போனதும் கயித்தச் சுருட்டி எடுத்துக்கிட்டு நாலாவது பஸ்ல ஏறிப் போயிருச்சு."

கடைக்கு வெளியே ஹாரன்கள் ஓயவில்லை. பாய் ஆணிகளைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, பழைய சீட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். ஒரு வெள்ளைத் துண்டை வெட்டி என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கண்ணே. எழுதுறது ஒங்க வேலைதான்."

அவர் பெயரை எழுதினேன். அவசரத்தில் கடைசி எழுத்து சற்றுச் சாய்ந்துவிட்டது. வேறு துண்டு கேட்டேன். தரவில்லை. படத்தைக் கடையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார்.

"இம்புட்டு வருசம் எங்க தொங்குச்சோ அங்கயே தொங்கட்டும். வாரவுக கேப்பாகள்ல, யாரு எடுத்ததுன்னு. நீங்க சொல்லுங்க."

அப்படியே தொங்குகிறது. புதிய சீட்டு சிறியது. பழைய சீட்டின் தடத்தை அது முழுக்க மறைக்கவில்லை. வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், நீங்கள் எடுத்ததா என்று. இல்லை, பாய் எடுத்தது என்கிறேன். நான் எடுத்தது இதற்கு அடுத்த படம். அதில் அந்த அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டார்.